முட்டத்துப் பாறையில் விட்ட கை

ஊர் உலகமெல்லாம் தீபாவளிக்குக் கிளம்பும்போது நாங்கள் வேலையில் இருப்போம். ஊர் உலகம் வேலைக்குத் திரும்பிய பிறகு நாங்கள் ஊர் சுற்றக் கிளம்புவோம். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலைகளுக்குத் தீபாவளியோடு பூட்டு விழுந்துவிடும். மறுபடி பூஜை போட்டுக் கதவு திறக்க மாதம் ஒன்றாவது ஆகும். அந்த இடைவெளியில் வேன் பிடித்து எங்காவது போய்வருவது எங்கள் ஆலைப் பெண்களின் பழக்கம். புருஷன்மார்களைக் கூட்டிப்போவதில்லை. அவர்கள் வந்தால் வேனுக்குள்ளும் நாம்தான் அவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

கடல் என்றால் எங்களுக்குத் திருச்செந்தூர்தான். மொட்டை போட்டு, முங்கி எழுந்து, ஈரச்சேலையும் மணலுமாகக் கோயிலுக்குள் நுழைந்து கும்பிட்டுவிட்டு வருகிற கடல். அதை நான் கடலாக நினைத்ததே இல்லை. கோயில் குளத்தைக் கொஞ்சம் பெரிதாக வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பு. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் அறைக்கு வேலைக்குப் புதிதாக வந்த பெண், புதுப்பெண் என்றுதான் அவளைச் சொல்வோம், தன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். முட்டம். செம்மண் மேட்டுக்குக் கீழே யானை யானையாகப் பாறைகள். அவற்றின் மேல் கடல் ஏறி உடைந்து பனைமர உயரத்துக்குத் தெறிக்கிறது. "இந்தத் தடவை இங்கனதான் போறோம்" என்று அவள் சொன்னாள். எல்லோரும் சரி என்றோம். எல்லோரையும் விட நான்தான் சத்தமாகச் சரி என்றேன்.

முட்டத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றால் முதலில் எங்கள் அறையைச் சொல்ல வேண்டும்.

புஸ்வாணக் கூட்டில் வெடிமருந்து அடைக்கிற அறை அது. சின்ன அறை. நாலு பக்கமும் வாசல். உள்ளே நாலு பேர்தான் இருக்கலாம். ஐந்தாவது ஆள் தலையை நீட்டினாலே போர்மேன் திட்டுவார். உள்ளே போகுமுன் செருப்பைக் கழற்றி, வளையல் கொலுசையெல்லாம் வெளியே வைத்துவிட்டு, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குப் போய்விடுமாம். ஒவ்வொரு வருடமும் ஆலை திறக்கிற அன்று போர்மேன் எங்களை நிற்க வைத்து ஒரே பாடத்தைச் சொல்வார்.

"மருந்து சீறுற சத்தம் கேட்டா அம்புட்டுத்தான், யோசிக்கக் கூடாது. அவுகவுக வாசல்ல அவுகவுக ஓடணும். யாரு கையையும் பிடிக்காதீக. யாராச்சும் உங்க கையைப் பிடிச்சா விரலைப் பிரிச்சு விட்டுட்டு ஓடுங்க. ரெண்டு பேரு ஒரு வாசல்ல சிக்குனா ரெண்டு பேரும் போயிருவீக. ஓடிப் போயி குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கோங்க. திரும்பிப் பாக்காதீக."

அந்தப் பாடத்தில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. மருந்து சீறுகிற சத்தம் எனக்குக் கேட்காது.

முன்னால் வேலை பார்த்த ஆலையில் ஒரு நாள் பக்கத்து அறை போய்விட்டது. எங்கள் ஊரில் வெடித்தது என்று சொல்வதில்லை, போய்விட்டது என்றுதான் சொல்வோம். அன்றோடு என் இடது காது சுத்தமாக அடைத்துப்போனது. வலது காது பாதிக்கு நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் கேட்கும். மெல்லிய சத்தம் எதுவும் வராது. இதை வெளியே சொன்னால் மருந்து அறையில் விடமாட்டார்கள். பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பாதிக் கூலி. என் மகள் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆலையில் ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், அடுத்த தெரு. சொந்தம் எதுவும் கிடையாது. ஆனாலும் வந்த நாளிலிருந்து என்னை மதினி என்றுதான் கூப்பிட்டாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். அதைக் கண்டு சிரிக்கத் தெரிந்தவள் எங்கள் ஆலையிலேயே அவள் ஒருத்திதான். விஷயத்தைச் சொன்னதும் அவள் தன் வாசல் பக்கமிருந்து எழுந்து வந்து என் வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

"விடுங்க மதினி. நான் உங்க காதா இருந்துட்டுப் போறேன். சத்தம் கேட்டா உங்க கையைப் பிடிச்சு இழுப்பேன். ஏன் எதுக்குன்னு கேக்காம வந்துருங்க. நம்ம ரெண்டு பேருக்கும் இனிமே ஒரே வாசல்தான்."

போர்மேன் பாடத்துக்கு நேர் விரோதம். ஆனால் அவள் சொன்னதைச் செய்தாள். சும்மா சொல்லிவிட்டு விடவில்லை, ஒத்திகை பார்த்தோம். சாப்பாட்டு நேரத்தில், வேப்பமரத்தடியில், பேசிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று கையைப் பிடித்து இழுப்பாள். முதலில் நான் "என்னடி?" என்று திமிறுவேன். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். "இப்பிடித் திமிறுனா ரெண்டு பேரும் கருகிப் போவோம் மதினி." போகப்போகப் பழகிவிட்டேன். அவள் கை பட்டதும் உடம்பைத் தளர்த்திவிடுவேன். இழுத்த பக்கம் போவேன். சாமியாடிக்குக் கூட அவ்வளவு நம்பிக்கை இருக்காது.

வருடக்கணக்காக அப்படித்தான். பஸ்ஸில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரியில், எங்கே போனாலும் அவள் என் வலப்பக்கம்தான் உட்காருவாள். மற்றவர்கள் ஒட்டுப்புல் என்று கேலி செய்வார்கள். காரணம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

வேன் விடியுமுன் கிளம்பியது. சாத்தூர் தாண்டும்போது சேவுப் பொட்டலம் பிரிந்துவிட்டது. கார்த்திகை மாதம், வழியெல்லாம் மாலை போட்ட சாமிகளின் வண்டிகள். கன்னியாகுமரிப் பக்கம் ஒரு நாளில் என்னென்ன பார்க்கலாம் என்று புதுப்பெண் செல்போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். முதலில் மாத்தூர் தொட்டிப்பாலம். இரண்டு மலைக்கு நடுவே தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகிற பாலம். அதன் ஓரமாக நடந்தோம். கீழே பார்த்தால் தென்னந்தோப்பு கீரைப்பாத்தி அளவுக்குத் தெரிந்தது. பிறகு திற்பரப்பு அருவி. மழை பெய்திருந்ததால் தண்ணீர் முதுகில் குத்தியது. எங்கள் அறையில் நாலாவது ஆளான சித்தி, எல்லோருக்கும் அவர் சித்திதான், அருவியை விட்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். இத்தனை வருடம் உடம்பில் படிந்த வெள்ளி மருந்துத் தூளும் இன்றைக்குத்தான் மேலை விட்டுப் போகிறது என்றார்.

சாயங்காலம் முட்டம். முதலில் கலங்கரை விளக்கம். நாங்கள் என்ன பிழைப்புப் பிழைக்கிறோம் என்பது அங்கேதான் வெட்டவெளிச்சமானது. வாசலில் இருந்த இரும்புக் கதவை ஒவ்வொருத்தியும் தொட்டுவிட்டு உள்ளே நுழைந்தோம். யாரும் சொல்லவில்லை, கை தானாகப் போனது. அதோடு முதல் நாலு பேர் படியேறியதும் மற்றவர்களெல்லாம் படியடியில் வரிசையாக நின்றுவிட்டோம். டிக்கெட் கிழித்தவர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, நாலு நாலா நிக்கிய? எல்லாரும் ஏறுங்க."

"அவுக இறங்கட்டும்ங்க" என்றார் சித்தி.

"எதுக்கு?"

நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். பிறகு வயிறு வலிக்கச் சிரித்தோம். மேலே ஏறிப் பார்த்தால் காற்று ஆளையே தள்ளுகிறது. ஒரு பக்கம் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள், ஒரு பக்கம் செம்மண் மேடு, மற்றதெல்லாம் கடல். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் மட்டும் பார்த்துவிட்டு, என் வலக்காதுப் பக்கம் குனிந்து, "கடலு எங்கனயும் ஓடிராது மதினி, கீழ போயித் தொட்டே பாத்துருவோம்" என்றாள்.

கீழே பாறைக்கு இறங்குகிற இடத்தில் எச்சரிக்கைப் பலகை இருந்தது. எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள், நாங்களும் இறங்கினோம். குடும்பம் குடும்பமாக ஜனம். மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய் விற்கிறார்கள். ஓரத்தில் ஒருவர் தூண்டில் போட்டபடி நின்றார். எங்கள் அறை ஆட்கள் நாலு பேரும் கடைசிப் பாறைவரை போனோம். மேல்பாறை காய்ந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு தட்டைப் பாறை, ஈரம். அதில் நின்றால் காலில் கடல் படும். நான்தான் இறங்க வேண்டும் என்றேன். அவள் என் வலக்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினாள். சித்தியும் புதுப்பெண்ணும் எங்களுக்குப் பின்னால் நின்று படம் எடுத்தார்கள்.

தண்ணீர் வந்து பாதத்தைத் தொட்டுவிட்டுப் போனது. நான் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தேன். அப்போது அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அவள் கண் என் இடது தோளுக்கு மேலே எதையோ பார்த்தது. எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனால் அந்த முகம் எனக்குத் தெரியும். வேப்பமரத்தடியில் எத்தனை ஒத்திகை பார்த்திருக்கிறோம்! அவளுக்குக் கேட்டுவிட்டது, இதோ இழுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை, ஏன் எதற்கென்று கேட்கவில்லை. பழகியபடி உடம்பைத் தளர்த்தினேன்.

அவள் இழுக்கவில்லை. தன் இன்னொரு கையால் என் விரல்களைப் பிரித்தாள். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஓடினாள்.

அலை என்னை இடப்பக்கமாக அடித்துச் சாய்த்தது. அவள் இழுப்பாள் என்று தளர்த்திய உடம்பு துணி மூட்டையாக விழுந்தது. பாறைச் சிப்பியில் முழங்கை கிழிந்தது. வாய், மூக்கெல்லாம் உப்பு. தண்ணீர் பின்வாங்கும்போது என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. ஒரு பாறை இடுக்கில் என் கால் மாட்டியது, இல்லாவிட்டால் இதை எழுத நான் இல்லை. தூண்டில்காரர் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேலே தூக்கினார். அடுத்த அலை வருவதற்குள் காய்ந்த பாறையில் கொண்டுபோய்ப் போட்டார்.

இருமி இருமித் தண்ணீரைத் துப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். மேட்டில் இருந்த ஜனமெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் அறை ஆட்கள் மூன்று பேர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு திசையில் ஓடிப்போய், ஆளுக்கொரு பாறையில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தார்கள். கடல் வெடிக்கும் என்று காத்திருந்தார்கள். மாங்காய்க்காரி அதைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தாள். வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அலை சீறிய சத்தம் அவர்களுக்கு மருந்து சீறியதாகக் கேட்டிருக்கும், இது பழக்க தோஷம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சித்தி ஓடியதிலும் புதுப்பெண் ஓடியதிலும் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. போர்மேன் வருடா வருடம் ஊட்டிய பாடம், உடம்பு அதன்படி ஓடியது. அவள் விஷயத்திலும் அப்படித்தான் என்று பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். விரலைப் பிரிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தானே? ஆனால் அந்தப் பாடம் எங்கள் இரண்டு பேருக்கும் கிடையாது என்று சொன்னவள் அவள்தானே? நம்பாதவளாக இருந்திருந்தால் நான் திரும்பிப் பார்த்திருப்பேன், அலையைப் பார்த்திருப்பேன், என் காலால் நானே ஓடியிருப்பேன். நம்பினேன், அதனால் நின்றேன். அவள் பயந்ததை மன்னிக்கலாம். மேலே வந்து செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முழங்கையில் துணி கட்டி வேனில் ஏற்றியதும் எல்லோரும் சுற்றி நின்று கேட்டார்கள். நான் பல் கிட்டித்து உட்கார்ந்திருந்தேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

"நான் இழுக்கேன், இழுக்கேன், மதினி கை வழுக்கிருச்சு. உயிரைக் குடுத்து இழுத்தேன். ஈரக் கை, நிக்கல."

"அழாத பிள்ள. நீ இருந்ததாலதான் இம்புட்டோட போச்சு" என்று சித்தி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

எல்லோரும் அவளைத் தேற்றினார்கள். நனைந்து நடுங்கிக்கொண்டு இருந்தவள் நான், தேறுதல் அவளுக்கு. என் விரல்களை நான் பார்த்துக்கொண்டேன். சுண்டுவிரல் ஓரத்தில் அவள் நகம் பட்ட கீறல் இருந்தது. அதை நீட்டிக் காட்டி, வேனிலேயே அவளைக் கிழித்துத் தொங்கவிட என்னால் முடியும். என் வாயைப் பற்றி எங்கள் தெருவில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் சொல்லப்போனால் ஏன் அவளை நம்பி நின்றேன் என்றும் சொல்ல வேண்டும். காது விஷயம் வெளியே வரும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் அழுதாள்.

நாகர்கோவில் தாண்டியதும் வேன் அமைதியானது. என் வலப்பக்கத்து சீட் காலியாக இருந்தது. அவள் எழுந்து வந்தாள். அந்தக் காலி இடத்தில் உட்காரவில்லை. என்னைத் தாண்டி நுழைந்து, இடப்பக்கம், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு என் இடது காதுப் பக்கம் குனிந்து பேசத் தொடங்கினாள்.

நிறையப் பேசினாள். மூச்சுக்காற்று கன்னத்தில் பட்டது. நடுவில் ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள், மறுபடி பேசினாள். எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். ஊதுகிறவளுக்கு அது செவிட்டுக் காது என்று தெரியும் என்பதுதான் இங்கே விஷயம். என் புருஷனுக்குக் கூட எந்தக் காது என்பதில் சந்தேகம் வரும். அவளுக்கு வராது. மன்னிப்புத்தான் கேட்டாளோ, உண்மையைத்தான் சொன்னாளோ, தன் மனப்பாரத்தை இறக்கிவைக்க அவளுக்கு ஒரு காது வேண்டியிருந்தது. அது கேட்கிற காதாக இருக்கக் கூடாது என்பதிலும் கவனமாக இருந்தாள். பேசி முடித்ததும் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடித் தூங்கினாள். வீட்டுக்கு வந்து சேரும்வரை எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஆலை திறக்கும்வரை அவள் இரண்டு மூன்று முறை வீட்டுக்கு வந்தாள். காயத்துக்கு மருந்து வாங்கி வந்தாள். ஒருமுறை கோழிக்குழம்பு கொண்டுவந்தாள். வலப்பக்கம் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசினாள். முட்டம் என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. நானும் கேட்கவில்லை. குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

ஆலை திறந்த அன்று பூஜை முடிந்து சுண்டல் கொடுத்தார்கள். போர்மேன் எங்களை நிற்க வைத்து அதே பாடத்தைச் சொன்னார். யார் கையையும் பிடிக்காதீக என்று அவர் சொன்னபோது அவள் என் பக்கம் சாய்ந்து, "நம்மளுக்கு இல்ல மதினி" என்று கண்ணடித்தாள். பழைய சிரிப்பு. அதே கண். அறைக்குப் போய்ச் செம்புத் தகட்டைத் தொட்டேன். உள்ளே கால் வைக்க முடியவில்லை. மருந்து எனக்குப் புதிதில்லை, அதற்கு நான் பயப்படவில்லை. அவள் கை பட்டால் என் உடம்பு இப்போதும் தளர்ந்துவிடும் என்று தெரிந்தது. அதற்குத்தான் பயந்தேன்.

திரும்பி நடந்து போர்மேனிடம் போனேன். அவளும் என்னவோ ஏதோவென்று பின்னாலேயே வந்தாள்.

"அண்ணாச்சி, எனக்குக் காது கேக்காது. இடது காது சுத்தமாக் கேக்காது. வலதும் பாதிதான். என்னைய லேபிள் கொட்டகைக்கு மாத்திருங்க."

அவர் வாயில் இருந்த சுண்டலை மெல்வதை நிறுத்தினார். "என்ன சொல்றீக? இத்தனை வருசம் மருந்து அறையில இருந்திருக்கீக. சீறுற சத்தம் எப்பிடித் தெரியும் உங்களுக்கு? யாராச்சும் கேட்டுச் சொல்வாகளா?"

அவள் என் வலப்பக்கம்தான் நின்றாள். அவள் மூச்சை இழுத்துப் பிடித்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவள் பெயரைச் சொன்னால் அவளுக்கும் வேலை போகும். சொல்லியிருக்கலாம். அதற்கு வேண்டிய கோபம் என்னிடம் இருந்தது. ஆனால் பெயரைச் சொன்னால், இத்தனை வருடம் எனக்கு ஒருத்தி இருந்தாள் என்று ஆகிவிடும்.

"யாரும் இல்ல அண்ணாச்சி" என்றேன். "எனக்குன்னு யாரும் இல்ல."

போர்மேன் தலையை ஆட்டிக்கொண்டே கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். நான் நடந்தேன். பின்னால் அவள் "மதினி" என்று உரக்கக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். இரண்டு தடவையும் என் நல்ல காதில் தெளிவாகக் கேட்டது. அவுகவுக வாசலில் அவுகவுக போக வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.